வெளிநாட்டாருக்குப் போட்ட நாற்காலி

டோக்கியோவுக்குத் தென்மேற்கே ஹகோனே மலையில் ஒரு சின்ன ரயில் ஏறுகிறது. அடிவாரத்தில் ஹகோனே-யுமோட்டோவில் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் தெயாமா என்ற இடத்தில் நின்றுவிடும். அது ஸ்டேஷன் இல்லை; யாரும் ஏறுவதில்லை, இறங்குவதும் இல்லை. ஓட்டுநர் முன்கோடியிலிருந்து பின்கோடிக்குப் போவார், கார்டு பின்கோடியிலிருந்து முன்கோடிக்கு வருவார். அப்புறம் வந்த திசைக்கே திரும்பி, வேறொரு தண்டவாளத்தில் ரயில் மேலேறும். மியானோஷிதா ஸ்டேஷன் வருவதற்குள் இப்படி மூன்று முறை. ஊட்டி ரயிலில் போனவர்களுக்கு இந்த ஏற்றத்தின் கணக்கு சட்டென்று புரியும். நீலகிரியில் 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம், அதற்குப் பல்சக்கரம் தேவைப்படுகிறது. ஹகோனேயில் பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி, ஆனால் பல்சக்கரம் கிடையாது. வளைவுகளில் சக்கரம் தேயாமல் இருக்கத் தண்டவாளத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டே போகிறது. எண்ணெய் விட்டால் வழுக்கிவிடுமே!

மியானோஷிதாவில் இறங்கிச் சில நிமிடம் நடந்தால் ஃபுஜியா ஹோட்டல். பிற்பகலில் வருகிறவர்களில் பலர் அங்கே தங்க வருவதில்லை. தோட்டத்தைப் பார்த்த ஜன்னலோரம் உட்கார்ந்து, மூன்றடுக்குத் தட்டில் வரும் பலகாரத்தோடு டீ குடிக்க வருகிறார்கள். பெரும்பாலும் ஜப்பானியர்கள். 130 வருடத்துக்கு முன்னால் இதே ஹோட்டலில் அவர்களுடைய கொள்ளுத் தாத்தாக்களுக்கு அறை கிடைத்திருக்காது.

இந்த ஹோட்டல் தொடங்கிய ஆண்டு 1878. தொடங்கியவர் யாமாகுச்சி சென்னோசுகே. அமெரிக்காவுக்குப் போய்வந்து, பிறகு கெயோ பள்ளியில் படித்தவர். வெளிநாட்டுக்காரர் பணத்தை நாட்டுக்குள் வாங்க வேண்டும், உள்ளூர்க்காரன் பணத்தை உள்ளூர்க்காரனே வாங்குவதில் நாட்டுக்கு என்ன வரவு என்பது அவர் கணக்கு. அதே மியானோஷிதாவில் நராயா என்று ஒரு பழைய சத்திரம் இருந்தது. இரண்டு வீட்டுக்கும் போட்டி முற்றி, 1893-இல் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள்: ஃபுஜியாவுக்கு வெளிநாட்டார் மட்டும், நராயாவுக்கு ஜப்பானியர் மட்டும். 1912 வரை, ஏறக்குறைய இருபது வருடம் இது நடைமுறையில் இருந்தது. ஜப்பானின் நடுவே, ஜப்பானியர் நடத்திய ஹோட்டல், ஜப்பானியருக்கு இடமில்லை. நிறவெறிச் சட்டம் எதுவும் இல்லை. இரண்டு முதலாளிகள் உட்கார்ந்து வாடிக்கையாளரைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

ஜப்பானின் பழைய ஹோட்டல்களில் டீ குடிப்பதைப் பற்றிப் பேசும்போது இந்த விஷயத்தை விட்டுவிட்டால் எல்லாம் இங்கிலாந்தின் நகல் மாதிரித் தெரியும். அந்த நாற்காலியும் மேஜையும் முதலில் யாருக்காகப் போடப்பட்டன என்பது முக்கியம்.

1850-களின் இறுதியில் மேற்கு நாடுகளோடு ஜப்பான் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் சமமானவை அல்ல. வெளிநாட்டுக்காரர் தப்பு செய்தால் ஜப்பான் நீதிமன்றம் விசாரிக்க முடியாது. சுங்க வரியை ஜப்பானே தீர்மானிக்க முடியாது. பதிலுக்கு வெளிநாட்டார் யோகோஹாமா, கோபே போன்ற துறைமுகங்களைச் சுற்றித்தான் நடமாடலாம். அதற்கு அப்பால் போக 1899 வரை உள்நாட்டுப் பயண அனுமதிச் சீட்டு வேண்டும். உடல்நலம், ஆராய்ச்சி என்று காரணம் சொல்லித்தான் அந்தச் சீட்டை வாங்குவார்கள். வெந்நீர் ஊற்று இருக்கும் ஹகோனே உடல்நலத்துக்கு நல்ல சாக்கு. மலைக்காற்றும் கோயில்களும் இருந்த நிக்கோ இன்னொன்று. ஜப்பானின் பழைய ஹோட்டல்கள் சில மலைமேல் முளைத்ததற்கு இந்த அனுமதிச் சீட்டும் ஒரு காரணம்.

நிக்கோவில் கனாயா ஜென்இச்சிரோ என்பவர் தோஷோகூ ஆலயத்தின் இசைக்கலைஞர். ஹெப்பர்ன் என்ற அமெரிக்க மருத்துவருக்குத் தங்க இடம் கொடுக்கப்போய், அந்தப் பழக்கத்தில் 1873-இல் தன் வீட்டையே விடுதியாக்கினார். இன்றைய நிக்கோ கனாயா ஹோட்டலுக்கு வேர் அதுதான். 1878-இல் அங்கே தங்கிய ஆங்கிலப் பயணி இசபெல்லா பேர்ட், அறை இத்தனை அழகாக இல்லாமலிருந்தால் தேவலை என்கிற மாதிரி எழுதிவைத்திருக்கிறார். மை கொட்டிவிடுமோ, பாயில் தடம் விழுந்துவிடுமோ, காகித ஜன்னல் கிழிந்துவிடுமோ என்று சதா பயம். தத்தாமிப் பாய்மேல் நாற்காலி போட்டால் நான்கு கால்களும் அதில் குழி பறிக்கும். வெளிநாட்டுக்காரர் தரையில் மணிக்கணக்கில் மண்டியிட மாட்டார். செருப்பைக் கழற்றவும் யோசிப்பார். ஆக, அவர்களை நிம்மதியாக உட்கார வைக்க வேண்டுமென்றால் பாயை எடுத்துவிட்டுப் பலகைத் தரை போட வேண்டும், ஜன்னலுக்குக் கண்ணாடி வேண்டும், கட்டில் வேண்டும். ஹோட்டல் என்ற கட்டடம் அங்கிருந்துதான் வளர்ந்தது.

ஆனால் கட்டியவர்கள் தச்சர்கள். கோயில் கட்டிப் பழகிய கை. அந்தக் கை சும்மா இருக்குமா? ஃபுஜியாவின் 1891-ஆம் ஆண்டு முதன்மைக் கட்டடத்தில் மேலே தூக்கித் திறக்கும் மேல்நாட்டுக் கண்ணாடி ஜன்னல்; வாசலுக்கு மேலே மட்டும், கோயில் முகப்பில் பார்க்கும் வில்லாக வளைந்த கூரை. 1930-இல் கட்டிய சாப்பாட்டுக் கூடத்தின் கூரை முழுக்கக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கொரு செடியாக 636 மலைச் செடிகளை வரைந்திருக்கிறார்கள். 1936-இல் எழுந்த ‘மலர் மாளிகை’யில் அறைக்கு எண்ணுக்குப் பதில் பூவின் பெயர்.

சாப்பாட்டுக் கூடத்துத் தூண்களின் அடியை யாராவது காட்டினால் குனிந்து பாருங்கள். முழங்கால் உயரத்தில் ஒரு மரமுகம் உறுத்துப் பார்க்கும். பேய் மாதிரிக் கண், பெரிய மீசை. சென்னோசுகேயின் மருமகன் யாமாகுச்சி ஷோஜோவின் முகம் என்பார்கள். தான் இல்லாத நேரத்திலும் பரிமாறுகிறவர்கள் ஒழுங்காக வேலை செய்கிறார்களா என்று கண்காணிக்கச் செதுக்கி வைத்தாராம். நிக்கோ கனாயா வீட்டின் இரண்டாவது பிள்ளையான இவர், ஃபுஜியாவுக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர். மீசைக்காரர்களைச் சேர்த்து 1931-இல் ‘அகில உலக மீசைக் கழகம்’ ஒன்றும் நடத்தினார். விளம்பரம் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

நாராவில் இதே கலப்பு இன்னும் பெரிய அளவில் நடந்தது. 1909-இல் திறந்த நாரா ஹோட்டலை வரைந்தவர் தாத்சுனோ கிங்கோ. டோக்கியோ ரயில் நிலையத்தின் செங்கல் கட்டடமும் அவருடையதே. நாராவிலோ செங்கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு, அரண்மனைச் சாயலில் ஓட்டுக்கூரை வைத்து, சைப்ரஸ் மரத்தில் எழுப்பினார். உள்ளே உயரமான கூரை, கம்பளம், கணப்பு அடுப்பு. கணப்பின் மேல்சட்டத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால் அது ஷிண்டோ மத ஆலயங்களின் தோரண வாசல் வடிவம். 1922 டிசம்பரில் இங்கே தங்கிய ஐன்ஸ்டைன் வாசித்த பியானோ நடுவில் காணாமல் போய், பிறகு கண்டுபிடிக்கப்பட்டு, 2009-இல் ஹோட்டலுக்கே திரும்பி வந்தது.

இந்த அலங்காரத்தை வெறும் கதம்பம் என்று ஒதுக்கிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வந்தவர் தன் வீட்டில் இருப்பதுபோல் உட்காரவும் வேண்டும், தலை நிமிர்ந்தால் ஜப்பான் தெரியவும் வேண்டும். அதை அந்தத் தச்சர்கள் சாதித்தார்கள்.

சரி, டீக்கு வருவோம்.

ஆஃப்டர்நூன் டீயின் கதை பலருக்குத் தெரிந்தது. 1840 வாக்கில் இங்கிலாந்தில் பெட்ஃபோர்டு சீமாட்டி அன்னாவுக்குப் பிற்பகலில் பசி எடுத்தது. இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கு. நடுவில் டீயும் ரொட்டியும் வரவழைத்துத் தனியாகச் சாப்பிட ஆரம்பித்தவர், பிறகு தோழிகளையும் கூப்பிட்டார். அது வழக்கமாகிவிட்டது.

ஜப்பானில் அந்த நேரத்துக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது: ஓயாட்சு. ஷோகுன் என்ற படைத்தலைவர்கள் ஆண்ட எடோ காலத்தில் (1603–1868) பகலையும் இரவையும் ஆறாறு பொழுதாகப் பிரித்து மணி அடிப்பார்கள். உச்சி வேளைக்கு ஒன்பது அடி, அடுத்த பொழுதுக்கு எட்டு, பிறகு ஏழு என்று எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வரும். எட்டு அடிக்கும் பொழுது இன்றைய கணக்கில் பிற்பகல் இரண்டு, மூன்று மணி. எட்டுக்கு ‘யாட்சு’. இரண்டு வேளைச் சாப்பாடே பரவலாக இருந்த காலத்தில் அந்த எட்டாம் மணிக்குக் கொறிப்பதுதான் ஓயாட்சு. மணியடிப்பு ஒழிந்து நூற்றைம்பது வருடம் ஆகியும் சொல் நிற்கிறது. ‘மூன்று மணி ஓயாட்சு’ என்பது இன்றும் பள்ளிக்கூடப் பிள்ளை வாயில் வரும். சீமாட்டிக்கு எடுத்த பசி ஜப்பானுக்குப் புதிதில்லை.

இன்னொரு பொருத்தமும் உண்டு, அதிலேயே ஒரு வித்தியாசமும் உண்டு. ஜப்பானியத் தேநீர்ச் சடங்கில் இனிப்பை முதலில் தின்று முடித்துவிட வேண்டும். அந்தத் தித்திப்பு நாக்கில் இருக்கும்போதுதான் பச்சைத் தேயிலைப் பொடியைக் கலக்கிய, கசப்பான மாட்சாவைக் குடிப்பார்கள். கெட்டியான மாட்சா என்றால் வெறும் வயிற்றில் கூடாது என்று முன்னதாகச் சின்னச் சாப்பாடே உண்டு. டீக்கு முன் வயிற்றுக்கு ஏதாவது போடு என்ற விதியும், அந்த ஏதாவது பருவத்தைச் சொல்ல வேண்டும் என்ற விதியும் அவர்களுக்குப் பழகிப்போனவை. டீயை இடையிடையே உறிஞ்சிக்கொண்டே தின்பதுதான் ஆங்கிலேயர் கொடுத்தது.

மூன்றடுக்குத் தட்டை இந்தக் கண்ணோடு பார்த்தால் விளங்கும். அடித்தட்டில் சாண்ட்விச் மாதிரி உப்புப் பண்டம், நடுவில் ஸ்கோன், மேலே இனிப்பு. கீழிருந்து மேலே சாப்பிட்டுப் போவது வழக்கம். ஸ்கோனுக்குத் தொட்டுக்கொள்ள ஜாமும், பாலாடையைக் காய்ச்சித் திரட்டிய கெட்டி கிரீமும். இதுவரை இங்கிலாந்து. ஆனால் பட்டியல் அடிக்கடி மாறிவிடும். ஜனவரியிலிருந்து ஸ்ட்ராபெரி, மார்ச் கடைசியில் சகுரா என்ற செர்ரிப் பூ, கோடையில் பீச்சும் முலாம்பழமும், இலையுதிர் காலத்தில் கஷ்கொட்டையும் சர்க்கரைவள்ளியும். ஸ்ட்ராபெரி என்று பொத்தாம்பொதுவாக எழுத மாட்டார்கள். தொச்சிகியின் தொச்சிஓத்தோமேயா, ஃபுகுஓகாவின் அமாஓவா என்று ரகம் போடுவார்கள், நம்மூரில் மல்கோவா, இமாம்பசந்த் என்று மாம்பழத்துக்குப் பெயர் சொல்லுகிற மாதிரி. திறந்த வெளியில் மே மாதம் பழுக்க வேண்டிய ஸ்ட்ராபெரி குளிர்காலத்துக்கு வந்தது கிறிஸ்துமஸ் கேக்கின் வேலை. வெள்ளைக் கிரீம் மேல் சிவப்புப் பழம் வேண்டும் என்று ஊரே கேட்கும்போது, விவசாயி பிளாஸ்டிக் கூடாரம் போட்டு டிசம்பரில் பழுக்க வைத்துவிட்டார். ஹோட்டல்களில் இடம் கிடைக்காமல் அல்லாடும் பருவம் இதுதான்.

இலை எங்கிருந்து வருகிறது? இந்த இடத்தில் கதை நம் பக்கம் வருகிறது. ஜப்பானின் டீக்கடைகளிலும் ஹோட்டல் பட்டியல்களிலும் ‘உலகின் மூன்று பெரும் கறுப்புத் தேநீர்’ என்று ஒரு வாசகம் உண்டு: டார்ஜிலிங், சீனாவின் கீமன், இலங்கையின் ஊவா. ஜப்பானுக்குள் வரும் கறுப்புத் தேயிலையில் இலங்கைக்குப் பெரிய பங்கு. ஊவா என்றால் பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை வட்டாரம். ஜூலை முதல் செப்டம்பர் வரை காய்ந்த காற்று வீசும்போது பறித்த கொழுந்தில் புதினா போல் ஒரு குளிர்ச்சி ஏறும். அந்த வாசத்துக்காகவே ஜப்பானியர் அதைத் தேடி வாங்குகிறார்கள். பறிக்கும் கைகளில் பெரும்பாலானவை மலையகத் தமிழ்ப் பெண்களுடையவை. ஹோட்டல் பட்டியலில் தோட்டத்தின் பெயர் வரும், உயரம் வரும், பறித்த பருவம் வரும், அவர்கள் வருவதில்லை.

ஜப்பானும் கறுப்புத் தேயிலை செய்து பார்த்தது. 1876-இல் மெய்ஜி பேரரசரின் அரசு தாதா மோத்தோகிச்சி என்பவரை இந்தியாவுக்கு அனுப்பியது. ஷோகுன் ஆட்சியில் வேலை பார்த்து, அது கவிழ்ந்தபின் ஷிசுஓகா பக்கம் மாரிகோவில் தேயிலை பயிரிட்டவர். டார்ஜிலிங், அஸ்ஸாம் என்று சுற்றிவிட்டு மறுவருடம் விதையோடு திரும்பினார். அந்த விதையின் வழி வந்த செடிதான் பிற்பாடு பெனிஹோமாரே என்ற ரகமாயிற்று. அதை டார்ஜிலிங் வழிச் செடியோடு சேர்த்துப் பெனிஃபூகி வந்தது. 1971-இல் இறக்குமதியைத் திறந்துவிட்டதும் உள்நாட்டுத் தொழில் படுத்துவிட்டது. இப்போது சின்னத் தோட்டக்காரர்கள் ‘வாகோச்சா’, அதாவது ஜப்பான் கறுப்பு டீ என்று மறுபடி செய்கிறார்கள். பழைய ஹோட்டல்களின் பட்டியலில் அது கிடைத்தால் ஊவாவை இன்னொரு நாளைக்குத் தள்ளிவைத்து அதைக் கேளுங்கள். துவர்ப்பு குறைவு. பால் சேர்த்தால் பாழ்.

பால் சேர்க்க ஆசையா? அதற்கு ராயல் மில்க் டீ இருக்கிறது. பெயரைக் கேட்டால் லண்டன் அரண்மனைச் சரக்கு போலிருக்கும். பெயர் ஜப்பானில் வைத்தது. பாலும் இலையும் சேர்த்துக் காய்ச்சுவது, நம் வீட்டு டீதான், கிரீடம் வைத்திருக்கிறது. கருய்சாவாவில் 1894 முதல் இருக்கும் மாம்பெய் ஹோட்டலின் ராயல் மில்க் டீயை, 1970-களின் இறுதியில் கோடைகாலங்களில் அங்கே வந்த ஜான் லெனன் சொல்லிக்கொடுத்தார் என்று ஒரு கதை இருக்கிறது.

ஹோட்டலுக்குப் போக வசதியில்லாதவர்களுக்கும் சீமாட்டி உண்டு. 1986-இல் கிரின் நிறுவனம் ‘கோகோ நோ கோச்சா’, அதாவது ‘பிற்பகல் தேநீர்’ என்று பாட்டில் டீ விற்க ஆரம்பித்தது. இலை பெரும்பாலும் இலங்கையினுடையது. லேபிளில் இருக்கும் பெண் அந்த அன்னா சீமாட்டியேதான். தெருமுனைத் தானியங்கி இயந்திரத்தில் சில்லறையைப் போட்டால் பெட்ஃபோர்டு சீமாட்டி தொபுக்கென்று கீழே விழுவார்.

ஹோட்டல்காரர் பார்வையில் இந்தத் தொழில் ஏன் லாபம்? மதியச் சாப்பாடு இரண்டுக்கு முடிந்தால் இரவுக்கு ஆள் வர ஆறு மணி. நடுவில் லவுஞ்ச் சும்மாக் கிடக்கிறது. விளக்கு எரிகிறது, ஆட்களுக்குச் சம்பளம் ஓடுகிறது. டீக்கு வருகிறவர்கள் முன்பதிவு செய்துவிடுவதால் எத்தனை தட்டு என்று காலையிலேயே தெரியும். பண்டங்களில் பெரும்பகுதியை முன்பே செய்து அடுக்கிவைக்கலாம். ஒவ்வொரு மேஜைக்கும் தனியாக அடுப்புப் பற்றவைக்க வேண்டாம். டீயை எத்தனை முறை மாற்றி ஊற்றினாலும் இலைச்செலவு கொஞ்சம்தான். வருகிறவருக்கும், அதே ஹோட்டலில் ஓர் இரவு தங்குவதோடு ஒப்பிட்டால் இது சின்னத் தொகை. மலர் மாளிகையில் படுக்க முடியாதவரும் அந்தக் கூரைக்குக் கீழே இரண்டு மணி நேரம் உட்காரலாம்.

2020-க்குப் பிறகு இது இன்னும் வேகம் பிடித்தது. கொரோனாக் காலத்தில் வெளிநாட்டுப் பயணிகள் அடியோடு நின்றார்கள், ராத்திரி வியாபாரத்துக்கும் மதுவுக்கும் கட்டுப்பாடு. பகல் டீக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆஃப்டர்நூனின் ‘நூன்’ மட்டும் பிய்த்தெடுத்து, அதோடு செயல்பாடு என்று பொருள்படும் ‘காத்சு’வை ஒட்டி, ‘நுன்காத்சு’ என்று இளம்பெண்கள் பெயர் வைத்தார்கள். 2022-இல் ஜப்பானின் அந்த வருடப் புதுச்சொற்களுக்கான பரிந்துரைப் பட்டியலில் அது இடம்பிடித்தது. நிலநடுக்கத்துக்குத் தாங்கும்படி கட்டடத்தைப் பலப்படுத்த 2018-இல் மூடிய ஃபுஜியா மறுபடி திறந்தது 2020 ஜூலையில். வெளிநாட்டாருக்காகவே பிறந்த ஹோட்டல், வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணி ஒருவர்கூட நாட்டுக்குள் நுழைய முடியாத கோடையில் கதவைத் திறந்தது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. முன்பதிவு இல்லாமல் போக வேண்டாம். இரண்டு மணி நேரம்தான் என்று பல இடத்தில் வரம்பு உண்டு. கடைசி அரைமணியில் புதுக் கோப்பை கேட்க முடியாது. பட்டியல் விலைக்கு மேல் சேவைக் கட்டணமும் வரியும் ஏறும் இடங்கள் உண்டு, டிப்ஸ் மட்டும் எங்கும் வேண்டாம். சைவக்காரர்கள் முன்பதிவின்போதே எழுதிச் சொல்லிவிடுங்கள். வெள்ளரிக்காய் சாண்ட்விச் என்று நம்பிக் கடித்தால் உள்ளே ஹாம் இருக்கும், மௌஸ் இனிப்பில் ஜெலட்டின் இருக்கும். போய் உட்கார்ந்தபின் சொன்னால் பரிமாறுகிறவர் நம்மைவிட அதிகமாகச் சங்கடப்படுவார்.

அந்த நராயா என்ன ஆயிற்று? மெய்ஜி பேரரசரே 1873-இல் தங்கிய சத்திரம் அது, 2001-இல் மூடிவிட்டார்கள். அந்தக் குடும்பத்தார் பிறகு மியானோஷிதா ஸ்டேஷன் பக்கத்தில் ‘நராயா கஃபே’ என்று ஒன்று தொடங்கினார்கள். டீயை முடித்துவிட்டு ரயிலுக்கு மலையேறி வரும்போது வழியில் கண்ணில் படும். முன்னால் நீளமான வெந்நீர்த் தொட்டி. செருப்பைக் கழற்றி, காலை உள்ளே விட்டுக்கொண்டு, கையில் காபியோடு உட்காரலாம். உள்ளூராரா வெளிநாட்டாரா என்று யாரும் கேட்பதில்லை.